இடது ஓரத்தைக் காட்டிய கை

இறந்து ஏழு மாதமான லெஃப்ட் பேக், அந்தப் பருவத்தின் முதல் கால்பந்து ஆட்டத்தில் தொண்ணூறு நிமிடமும் விளையாடினார். மைதானத்தில் அவரை யாரும் பார்க்கவில்லை. நடுவர் எண்ணியபோது பதினொரு பேர்தான் இருந்தார்கள். திங்கட்கிழமை காலை ஆட்டத்தைப் பிடித்த படத்தைப் போட்டுப் பார்த்தபோதுதான் பன்னிரண்டு. பழைய ஜெர்சி, முழங்காலுக்குக் கீழே சரிந்த இடது காலுறை, பந்தைக் காலால் தொடாமல், இடது பக்கத் தடுப்பாட்டக்காரருக்கு உரிய தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கையை நீட்டி, படத்தின் இடது ஓரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். பாதி நேரத்துக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறின. கை மாறவில்லை. அப்போதும் படத்தின் இடது ஓரம்தான்.

கிளப்பில் ஆட்டப் படங்களை அலசுகிறவர் முதலில் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு தன் கண்ணாடியைத் துடைத்தார், பிறகு ஒயரை மாற்றினார். அடுத்த ஆட்டத்திலும் ஆள் வந்திருந்தார். பதினெட்டு வருடமாக அவருக்கு இதே வேலை. தவறு செய்தவனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் இரண்டு வரி எழுதி, உடைமாற்றும் அறையின் பலகையில் குத்தி வைப்பார். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே வட்டம். தான் வாழ்க்கையில் பந்தை உதைத்தது மொத்தம் நான்கு முறை என்றும், அதில் இரண்டு முறை பந்து அசையவில்லை என்றும் அவரே சொல்லிச் சிரிப்பார். உதைக்கத் தெரியாதவன் உதைப்பவனுக்கு மார்க் போடுவது உலகத்தில் புதிதில்லை என்பதும் அவர் சொல்வதுதான்.

மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு எதிரணி புகார் கொடுத்தது. சங்கத்தின் குழு கூடிப் படத்தை இரண்டு முறை பார்த்தது. விதிப்புத்தகம் மைதானத்தில் நிற்பவர்களைத்தான் எண்ணச் சொல்கிறது, படத்தில் நிற்பவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கலைந்தது. அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எல்லா அணிகளும் எதிரியின் படத்தைப் பார்த்துத்தானே திட்டம் போடுகின்றன. இந்த அணியின் இடது பக்கத்தில் எப்போதும் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தவர்கள், அந்தப் பக்கமே போகாதே என்று தங்கள் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கிட்டத்தட்ட இரண்டு பருவம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கோல்கூட விழவில்லை. பயிற்சியாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யாரா இருந்தா என்னய்யா, இடத்தைப் பிடிச்சு நிக்கிறான்ல? சாப்பாடு கேக்கறானா, லீவு கேக்கறானா?" என்றார். அந்தப் பயிற்சியாளரும் ஒரு காலத்தில் இதே அணிக்கு ஆடியவர், நடுவில் நிற்கும் ஸ்டாப்பர். லெஃப்ட் பேக்குக்குப் பக்கத்துக் கட்டம்.

கட்டம் என்பது இந்த அணியின் வழக்கம். தடுப்பாட்டக்காரர்கள் நான்கு பேரும் எதிரியின் ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓட மாட்டார்கள். கோலுக்கு முன்னால் இருக்கும் நிலத்தை நான்கு கட்டமாகப் பிரித்துக்கொண்டு காவல் நிற்பார்கள். உன் கட்டத்துக்குள் வருகிறவன் உன் பொறுப்பு. பக்கத்துக் கட்டத்துக்காரன் எங்காவது போய்விட்டால், அவன் திரும்பி வரும்வரை நீ பாதி நகர்ந்து அவன் கட்டத்தையும் மூட வேண்டும். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் கைக்குட்டை போட்டு வைப்பதுபோல. இதில் ஒரு சங்கடம் உண்டு. நகர்ந்து மூடுகிறவன் படத்தில் தெரிவான், விட்டுப் போனவன் தெரிய மாட்டான். பந்தின் பின்னாலேயே போகும் கீழ்க் கேமரா, பந்தைச் சுற்றி இருப்பதை மட்டும்தான் பிடிக்கும். அதனால்தான் கேலரிக் கூரையின்மேல் இன்னொரு கேமரா, முழு மைதானத்துக்கும். கூரைப் படம் பார்க்காமல் யார்மேலும் வட்டம் போடாதே என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம், வட்டமே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

அவர் அதைப் பின்பற்றாதது ஒரே ஒரு முறை. ஏழு வருடத்துக்கு முன்னால், கோப்பையின் கடைசி ஆட்டம், காலையிலிருந்து தூறல். எண்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரே ஒரு கோல் வாங்கி அணி தோற்றது. கூரைப் படம் இல்லை. கீழ்ப் படத்தில் லெஃப்ட் பேக் தன் கட்டத்தை விட்டு உள்ளே நகர்ந்திருந்தார், கையை நீட்டியிருந்தார். அவர் விட்ட இடத்தில் எதிரி ஒருவன் தனியாக நின்று, நிதானமாக, தபால்பெட்டியில் கடிதம் போடுவதுபோலப் பந்தைப் போட்டான். வட்டம் வட்டம் போட்டார். பக்கத்தில் எழுதினார்: 'இடத்தை விட்டு நகர்ந்தார். ஓடுவதற்குப் பதில் கையைத் தூக்கி ஆஃப்சைடு கேட்டுக்கொண்டிருந்தார்.' கை நீட்டும் தடுப்பாட்டக்காரனைப் பார்த்தால் ஆஃப்சைடு கேட்கிறான், எதிரி விதியை மீறி முன்னால் நிற்கிறான் என்று நடுவரிடம் முறையிடுகிறான் என்று படிப்பது படம் பார்க்கிறவர்களின் கைப்பழக்கம். நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அது சரியாகவும் இருக்கும்.

அந்தத் திங்கட்கிழமை லெஃப்ட் பேக் பலகையின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு மெல்லக் கேட்டார். "அண்ணே, கொஞ்சம் இடது பக்கமா தள்ளிப் பாருங்களேன்."

"இதுக்கு மேல தள்ளினா செவுருதான்பா இருக்கு" என்றார் வட்டம். அறை முழுவதும் சிரித்தது. நல்ல நகைச்சுவை என்று அன்று அவருக்கே தோன்றியது.

லெஃப்ட் பேக் மறுபடி கேட்கவில்லை. வீட்டில் பாத்திரம் உடைந்தால்கூட யார் உடைத்தது என்று சொல்லாத ஜாதி மனிதர். அடுத்த பருவத்தில் அவரை எடுக்கவில்லை. ஊர் அவருக்கு ஓட்டை என்று பெயர் வைத்தது. ஊர் வாய்க்கு மூடி கிடையாது. பெயின்ட் கிடங்கில் வேலைக்குப் போனார், ஓட்டை வந்துட்டாரு, டப்பா ஒழுகப்போகுது என்று அங்கேயும் சொன்னார்கள். ஐந்தாவது வருடம் காய்ச்சல் வந்து, ஒன்பதாவது நாள் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பொருத்துகிறவர். படத்தில் புருஷன் வருகிறார் என்று கேள்விப்பட்டு, இரண்டாம் பருவத்தின் நடுவில் ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளையில் வந்தார். பின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். அழவில்லை. "இளைச்சிருக்காரு" என்று மட்டும் சொன்னார். அதிலிருந்து எல்லாத் திங்கட்கிழமையும் வந்தார். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு, கழுவி எடுத்துக்கொண்டு போவார். வட்டம் அந்த அரை மணி நேரமும் தலையை நிமிர்த்த மாட்டார். குறிப்பு எழுதுகிறார் என்று அந்த அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். அவர் காகிதத்தில் எழுதியிருந்ததெல்லாம் கோடுகள்.

ஆறாவது திங்கட்கிழமை அந்த அம்மா டப்பாவைத் திறக்கவில்லை.

"சார், இவரு எதையோ காட்டுறாரு. வீட்லயும் இப்படித்தான். சாவி எங்கன்னு கேட்டா வாயைத் திறக்கமாட்டாரு, கையை நீட்டுவாரு. நாமதான் போய்த் தேடணும். அவரு காட்டுற பக்கத்தைப் பாத்தீங்களா?"

"அங்க படம் முடிஞ்சிருதும்மா."

"அவருக்கு முடியலை போலிருக்கே." டப்பாவின் மூடியை ஒருமுறை அழுத்திவிட்டுச் சொன்னார். "எம் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல ஓட்டைப் பாப்பாங்கிறாங்க. எவ தண்ணி பாட்டில் ஒழுகினாலும் இவளைத்தான் திரும்பிப் பாக்குறாங்க. நீங்க தொழில் தெரிஞ்சவங்க. அந்த கோல் யாரு மேலன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. அவரு மேலதான்னா அதையும் கேட்டுக்கறேன்."

வட்டம் எழுந்து பழைய படத்தை எடுத்துப் போட்டார். ஏழு வருடத்தில் அதை அவர் ஒருமுறையும் போட்டதில்லை. எண்பத்தெட்டாவது நிமிடம் வந்தது. லெஃப்ட் பேக் உள்ளே நகர்ந்தார், கையை நீட்டினார். படம் திரையின் இடது ஓரத்தைத் தாண்டிச் சுவரில் போய்க்கொண்டிருந்தது. முதலில் நான்கு விரற்கடை. பிறகு சுண்ணாம்பின்மேல் பச்சைப் புல்லும் வெள்ளைக் கோடும் வரிசையாக விரிந்து, இரும்பு அலமாரியின்மேல் ஏறின. அலமாரிக் கதவில், கைப்பிடிக்குச் சற்று மேலே, ஸ்டாப்பர் இருந்தார், இப்போதைய பயிற்சியாளர். தங்கள் அணிக்குக் கிடைத்த கார்னர் உதைக்காக எதிரியின் கோல்வரை போனவர், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நடந்து திரும்பிக்கொண்டிருந்தார். ஓடவில்லை, நடந்தார். கை நீட்டியது அவரைப் பார்த்துத்தான். வா, வா என்று கூப்பிடும் கை அது. லெஃப்ட் பேக் நகர்ந்து மூடியது அவருடைய கட்டத்தை.

படம் அதோடு நிற்கவில்லை. ஸ்விட்ச் போர்டைத் தாண்டி ஜன்னல் திரைச்சீலையில் போய் விழுந்தது. காற்றில் மெல்ல அசையும் அந்தத் துணியில் கேலரியின் ஓரம் தெரிந்தது. அங்கே கூரைக்குப் போகும் ஏணி, நனைந்து பளபளத்தது. ஏணியின் அடியில் பிரிக்காத கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மேலே அண்ணாந்து பார்த்தபடி ஒருவர் நின்றிருந்தார். அப்போது அவருக்கு முடி கொஞ்சம் கூடுதல்.

அந்த அம்மா எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார். "இது நீங்கதானே?"

"ஆமாம்மா. ஏணி ஈரமா இருந்துச்சு. எனக்கு உயரம்னா பயம்."

"கையில என்னது?"

"டீ."

அந்த அம்மா திரைச்சீலையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார். வட்டம் தன் பதினெட்டு வருட அனுபவத்தில் வட்டத்துக்கு உள்ளே நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார். கொஞ்சம் குளிராக இருந்தது.

"புது ரிப்போர்ட் எழுதி ஒட்டிடறேன்" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணும்மா. அதை எழுதிட்டா அவரு வரமாட்டாருன்னு தோணுது. அதுக்குத்தான் இத்தனை நாளா நிக்கிறாருன்னா... நீங்க திங்கட்கிழமை வந்தா பாக்கறதுக்கு இருக்கமாட்டாரு. யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த அம்மா திறக்காத டிபன் டப்பாவைப் பையில் வைத்தார். வைத்துவிட்டு மறுபடி வெளியே எடுத்தார், மறுபடி வைத்தார். "ரெண்டு வருஷமா நிக்கிறாரு சார். கால் வலிக்கும். எழுதிடுங்க."

எழுதும் முன் பயிற்சியாளரிடம் சொல்வதுதான் முறை என்று வட்டம் அவர் அறைக்குப் போனார். அலமாரிக் கதவில் இருந்ததைச் சொன்னார். பயிற்சியாளர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், சுற்றினார்.

"சனிக்கிழமை கோப்பை ஆட்டம். இப்பப் போய் அவனை அனுப்பி வைக்கப் போறியா? லெஃப்ட்ல யாருய்யா நிப்பா?"

"அது தப்பு கோச்."

"தப்புன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கே தெரியும். மூச்சு வாங்குச்சு, நடந்தேன். நீ அவன்மேல வட்டம் போட்டே, நான் பேசாம இருந்துட்டேன். அவ்வளவுதான். அவன் நினைச்சிருந்தா என் பேரைச் சொல்லியிருக்கலாம், சொல்லலை. தள்ளிப் பாருங்கன்னு உன்கிட்ட மட்டும்தான் கேட்டான்." விசிலை மேஜையில் வைத்தார். "என்னமோ பண்ணு. என் பேரைக் கொட்டை எழுத்துல போடாத, அது போதும்."

வட்டம் சாதாரண எழுத்தில்தான் போட்டார். 'எண்பத்தெட்டாவது நிமிட கோல். ஸ்டாப்பர் தன் கட்டத்துக்குத் திரும்பவில்லை. லெஃப்ட் பேக் அதை மூடினார், ஸ்டாப்பரைக் கை நீட்டிக் கூப்பிட்டார். அவர்மேல் தவறில்லை. கூரைக் கேமரா வைக்காமல் தீர்ப்பு எழுதியது என் தவறு. ஏணி ஈரமாக இருந்தது.' பலகையில் குத்தியதைக் கோல்கீப்பர் சத்தமாகப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை. மறுநாளே அது ஊருக்குப் போயிற்று. ஊர் ஒரு பெயரை எடுத்துக்கொண்டால் ஒரு பெயரைக் கீழே வைத்துவிடும். வட்டம் கடைக்குப் போகும் வழியில், "ஈர ஏணி போறாருடா" என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அந்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடத்தில் யார் தண்ணி பாட்டில் ஒழுகியது என்று யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை அணி மூன்று கோல் வாங்கித் தோற்றது. மூன்றும் இடது பக்கம், இனி அங்கே ஒருவர்தான் என்ற சேதி எதிரணிக்கும் போயிருந்தது.

திங்கட்கிழமை மதியம் அந்த அம்மா வந்திருந்தார். பயிற்சியாளரும் வந்து கதவோரமாக நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. படத்தில் லெஃப்ட் பேக் இருந்தார். கை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் தன் கட்டத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார். பதினோராவது நிமிடத்தில் குனிந்து, சரிந்த காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, களைத்த ஆட்டக்காரர்கள் ஆளை மாற்றக் கேட்பதுபோல வெளியே இருந்தவர்களைப் பார்த்து ஒரு கையை உயர்த்தினார். பிறகு எல்லைக் கோட்டைப் பார்த்து நடந்தார். ஓடவில்லை. யாரும் அவரை அவசரப்படுத்தவும் இல்லை. கோட்டைத் தாண்டும்போது பயிற்சியாளர் தன்னையறியாமல் கை தட்டினார், வெளியேறும் ஆளுக்குத் தட்டுவதுபோல நான்கு தட்டு. அந்த அம்மா திரையில் அவர் நின்ற இடம் காலியாக இருப்பதை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

வட்டம் மூன்று கோலுக்கும் பொறுப்பானவர்களைக் கூரைப் படத்தில் சரிபார்த்து எழுதினார். ஆள் மாற்றம் என்ற பத்தியில், வழக்கம்போல, நடந்ததை எழுதினார்: 'லெஃப்ட் பேக், பதினோராவது நிமிடம், தானாகக் கேட்டு வெளியேறினார். காயம் இல்லை.' பயிற்சியாளர் கடைசிவரை படித்துப் பார்த்து, அடியில் கையெழுத்துப் போட்டார்.