கிழக்கு மூலையை மூடிய நாள்

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தின் கிழக்குச் சரிவு இடிந்து என் புருஷன் மண்ணுக்குள் போனதிலிருந்து, மாமியார் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். "குழியை மூடறதுக்குள்ள அவனை எடுத்துடுவாங்கல்ல?" எடுத்துவிடுவார்கள் என்று நானும் சொல்லி வைத்தேன்.

"சரிவு மறுபடி இடியும், ஆளை இறக்க முடியாது" என்று மேலாளர் கையை விரித்துவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்கூட வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தேன்.

குழியை மூட லாரிகள் வந்து முதலில் பாறையைக் கொட்டின. அதன்மேல் களிமண். கடைசியாக மேல்மண் போட வேண்டும். வெட்டத் தொடங்கும் முன்பே சுரண்டித் தனியாகக் குவித்து வைத்த மண் அது. அதில்தான் புல் முளைக்கும். அதைப் பரப்புவது புல்டோசர் ஓட்டுகிற என் வேலை.

எங்கள் ஃபோர்மேனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தோம். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடிப்பார். அன்று நிதானமாக என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ வீட்டுக்குப் போம்மா. கட்டையனை ஏத்தி விடறேன்."

கட்டையன் தங்கமான ஆள்தான். ஆனால் வண்டியில் ஏறினால் செக்குமாடுதான், போன தடத்திலேயே சுற்றுவான். அப்படி மிதித்தால் மேல்மண் இறுகிவிடும், வேர் இறங்காது. என் புருஷனே அவனை இதற்காகத் திட்டியிருக்கிறார்.

"வேண்டாம் சார். நானே போடறேன்."

'கல்நெஞ்சுக்காரி' என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும். பிளேடை லேசாகத் தூக்கிப் பிடித்து, ஒரு தடத்தில் இரண்டாம் முறை ஏறாமல் பரப்பினேன். மதியத்துக்குள் முடிந்தது. இறங்கிப் பார்த்தேன். வேலை நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது. அத்தனை நாளில் எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். என்மேலேயே தூ என்று இருந்தது.

வீட்டில் மாமியார் துணி மடித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"மூடிட்டாங்களா?"

"மூடியாச்சு அத்தை."

"யாரு மூடினது?"

"நான்தான்."

இரண்டு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தார்.

"கல்லு கில்லு மேல விழாம பார்த்துப் போட்டியாம்மா?"

"கல்லே இல்ல அத்தை" என்றேன். "எல்லாம் மண்ணுதான். மெத்து மெத்துனு."