கம்பெனிப் பக்கத்து நாற்காலி

1

இந்தக் கதை எனக்குப் பாளையங்கோட்டை அருகே வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக்கடையில் கிடைத்தது. குத்துப்போணி வாங்கப் போனவன் கதையோடு திரும்பினேன். போணி இன்னும் வாங்கவில்லை. கடைக்காரர் பூதலிங்கம் சொன்னதில் பாதியை நம்பினேன். மீதிப் பாதியை நானே செய்துகொண்டேன். எழுதியதை அவரிடம் வாசித்துக் காட்டியபோது, நான் புளுகிய இடங்களுக்கெல்லாம் "ஆமா, அப்படித்தான் நடந்துச்சு" என்று தலையாட்டினார். உண்மையான இடங்களில்தான் சண்டைக்கு வந்தார்.

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி:

"ஆயிரத்து எண்ணூற்று ஒன்றாம் ஆண்டு, முள்ளிக்கோட்டை மதிலின்மேல் விடிவெள்ளி எழுந்த வேளையில் குளம்பொலி—"

(வேண்டாம். குதிரை வந்தால் பின்னாலேயே இளவரசி வருவாள். எனக்கு அவ்வளவு இடமில்லை.)

"போர் என்பது மனிதனின் ஆதி—"

(யார் இந்த மனிதன்? எனக்கு இவனைத் தெரியாது.)

"சத்தியநேசனுக்குக் கம்பெனிக்காரன் ஆக விருப்பமில்லை."

இது இருக்கட்டும்.

2

சத்தியநேசனுக்குக் கம்பெனிக்காரன் ஆக விருப்பமில்லை. பாளையங்கோட்டைக்காரர். மிஷன் பள்ளியில் படித்து, இன்சூரன்ஸ் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் மாடியறைக்கு ஏறிவிடுவார். அங்கே ஒரு பழைய கதவை இரண்டு ஸ்டூல்மேல் படுக்கப்போட்டுப் போர்க்களம் வைத்திருக்கிறார். கட்டைவிரல் உயரம்கூட இல்லாத ஈயச் சிப்பாய்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து, பகடை உருட்டி, அளவுகோலால் அளந்து படைகளை நகர்த்த வேண்டும். சதுரங்கத்துக்குத் தூரத்துச் சொந்தம். சதுரங்கத்தில் வாய் பேசக் கூடாது, இதில் பேசலாம். எதிரே உட்காரும் நண்பர் பூதலிங்கத்துக்கு அதுதான் பிடித்தது.

பல வருடங்களாக இருவரும் ஐரோப்பாவின் போர்களை நடத்திவந்தார்கள். பனிக்குக் கல்லுப்பு. எந்த ராஜாவின் படை அழிந்தாலும் இருவருக்கும் துக்கமில்லை. வாழைக்காய் பஜ்ஜி தின்றபடியே ஆயிரக்கணக்கில் சாகடித்தார்கள். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் சத்தியநேசன்தான். நம் மண்ணில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக நடந்த பாளையக்காரப் போரிலிருந்து ஒரு களத்தை ஆட்டமாக வடிவமைக்கப் புறப்பட்டார்: முள்ளிக்கோட்டை முற்றுகை.*

* பாளையக்காரப் போர் உண்மை. முள்ளிக்கோட்டை நான் கட்டியது. வரைபடத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

திசையன்விளைப் பக்கம் போய்ச் சிவந்த தேரிமணலை இரண்டு பையில் அள்ளிவந்தார். மணலுக்கு அரை டிக்கெட் போட்ட கண்டக்டர், வழியில் ஒரு கைக்குழந்தைக்காரி ஏறியதும் மணலை எழுந்து நிற்கச் சொன்னாராம். பல் துலக்கும் பிரஷ் நாரில் பனைமரங்கள் வளர்ந்தன. அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரு பட்டாளம் முழுக்க இளகி, கும்பிடுவதுபோல் இடுப்பை வளைத்துக்கொண்டது. அவர் நிமிர்த்தவில்லை. கம்பெனியோடு சேர்ந்துகொண்ட பக்கத்துப் பாளையத்து ஆட்கள் என்று அவர்களை அப்படியே வைத்துக்கொண்டார்.

இந்த மாதிரி ஆட்டத்தை வடிவமைப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. அன்றைக்குக் கோட்டை விழுந்தது. ஆனால் மேசைமேல் அது தப்பவும் வழி இருக்க வேண்டும். யார் ஜெயிப்பார்கள் என்று முன்னாலேயே தெரிந்தால் அது ஆட்டமில்லை, நினைவுநாள். சத்தியநேசன் அடித்து அடித்து எழுதி அந்த வழியைக் கண்டுபிடித்துவிட்டார். கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. அது மூடுவதற்குள், எதிரே பூதலிங்கம் உட்கார்ந்திருக்க, இந்தப் போரை ஒரே ஒருமுறை நியாயமாக ஆடிப்பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

3

பூதலிங்கம் மாடி ஏறிவந்தார். களத்தைச் சுற்றிவந்து பார்த்தார். கோட்டைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஓய், அது என் நாற்காலி" என்றார் சத்தியநேசன்.

"உம்ம பேரு எழுதியிருக்கா வே? கோட்டைய நான் பாத்துக்கிடுதேன். நீரு அங்கன போய் உக்காரும்."

"அங்கனன்னா?"

"கம்பெனிப் பக்கம்."

"நான் ஏன் வே கம்பெனி?"

பூதலிங்கம் சிரித்தார். "உமக்கு அதுதான வே தோது. வெள்ளக்காரன் குடுத்த பள்ளிக்கூடம், வெள்ளக்காரன் குடுத்த கோயிலு. பொறவென்ன?"

இதே சிரிப்பை சத்தியநேசன் பள்ளிக்கூட வாசலில் கேட்டிருக்கிறார். ஆபீசில், டீக்கடையில், பெண் எப்சியின் கல்யாணப் பந்தியில்கூடக் கேட்டிருக்கிறார். அங்கெல்லாம் அவரும் சேர்ந்து சிரித்துவிடுவார். தன் மாடியில், தன் மணலின்மேல், அதைக் கேட்க அவர் தயாராக இல்லை.

"உம்ம கடையில மொத சரக்கே கலெக்டர் துரை பங்களாவுக்குத்தான போச்சு? போர்டுல கொட்டை எழுத்துல எழுதி மாட்டியிருக்கீரே?"

"அது வியாபாரம் வே."

"எங்க தாத்தா படிச்சது மட்டும் என்ன, துரோகமா?"

பூதலிங்கம் ஒரு சிவப்புச் சட்டைச் சிப்பாயைக் கையில் எடுத்தார். கண்ணுக்கு அருகே பிடித்தார். "இது யாரு? கம்பெனிக்காரனுக்கு நம்ம மூஞ்சியப் பூசி வச்சிருக்கீரு?"

"நம்ம ஆளுதான். குதிரை மேல இருக்க நாலஞ்சு பேருதான் துரைமாரு. மத்தவன் பூரா சம்பளத்துக்கு நின்ன நம்ம ஊர்க்காரன்."

"இந்த வெனையெல்லாம் வேண்டாம். வெள்ளையாப் பூசும். நம்மாளையே எப்படி வே சுட?"

"அன்னைக்குச் சுட்டானுவள்லா?"

"அப்பம் நீரே வெளையாடும்" என்று சிப்பாயைத் தலைகீழாக மணலில் செருகிவிட்டுப் பூதலிங்கம் இறங்கிப் போனார்.

4

(பூதலிங்கத்தை நான் கொஞ்சம் கருப்பாகத் தீட்டிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை. சத்தியநேசன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் சுடுகஞ்சி கொண்டுபோனவர் அவர்தான், கடையிலேயே விலை கூடிய தூக்குவாளியில். ஆனால் இந்தத் தகவலைப் போன பகுதியிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் அவர்மேல் கோபப்பட்டிருக்க மாட்டீர்கள்.)

இந்த இடத்தில் ஒரு பேரனைக் கொண்டுவந்து, "தாத்தா, நான் கம்பெனியா இருக்கேன்" என்று மழலையில் சொல்லவைக்கலாம். வாசகர் கண் கலங்கும். எனக்கு அந்தப் பயல் முதுகில் ஒன்று வைக்கத் தோன்றுகிறது. ஆகவே அவன் பிறக்கவில்லை.

5

ஞாயிறுகள் போயின. சத்தியநேசன் வலக்கைக்கும் இடக்கைக்கும் போர் வைத்துப் பார்த்தார். இடக்கைக்குப் புத்தி போதவில்லை. பூதலிங்கமோ கடையில் வந்தவர்களிடமெல்லாம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். (என் போணி அந்த நாட்களில்தான் தவறிப்போனது.) ஒருநாள் சத்தியநேசன் வீட்டு வாசலில் ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்டை வைத்துவிட்டு, மணியடிக்காமல் போய்விட்டார். சமாதானத் தூதா, மிரட்டலா என்பது டப்பாவில் போடவில்லை.

அதை எடுத்துவந்தவர் சத்தியநேசனின் மனைவி லில்லி.

"ரெண்டு பேரும் கோட்டைக்குள்ளயே உக்காருங்களேன். அந்த நாற்காலி சும்மா கெடக்கட்டும். கம்பெனியப் பகடை சொல்லுதபடி நகத்துங்க. வேணும்னா நான் உருட்டித் தாரேன்."

சத்தியநேசன் விதிகளைத் திருத்தினார். கம்பெனிக்கு: ஒன்று, இரண்டு விழுந்தால் நிற்கும், மூன்று, நான்கு விழுந்தால் முன்னேறும், ஐந்து, ஆறு விழுந்தால் பீரங்கி. கோட்டைக்கு ஒரே விதி: இரண்டு தலைவர்களும் 'சரி' சொன்னால்தான் படை அசையும். பிறகு பூதலிங்கத்தின் பெயிண்டை எடுத்துச் சிப்பாய்களின் முகங்களை மட்டும் வெள்ளையாக்கினார். கைகளைத் தொடவில்லை.

6

"கை ஏன் வே கருப்பா இருக்கு?"

"மூஞ்சின்னுதான சொன்னீரு?"

மறு ஞாயிறு மாடி ஏறிவந்திருந்த பூதலிங்கம், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தோளோடு தோள் இடித்தார். எதிரே காலி நாற்காலி. ஓரமாக லில்லி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"முன்வாசல் எனக்கு" என்றார் பூதலிங்கம்.

"களத்தச் செஞ்சவன் நான். முன்வாசல் எனக்கு. நீரு கெணத்தக் காவல் பாரும்."

"கெணத்தக் காக்கவா வே கடைய அடைச்சிட்டு வந்தேன்?"

லில்லி ஈரக்கையோடு பகடையை உருட்டினார். "அஞ்சு."

மேற்கு மதில் உடைந்தது.

"பைய உருட்டு தங்கச்சி. நாங்க இன்னும் பேசி முடிக்கல."

"நான் என்ன செய்ய அண்ணாச்சி? எனக்கு எந்தப் பக்கமும் கெடையாது. சும்மா உருட்டுதேன். ஆறு."

சத்தியநேசன் திரும்பி மனைவியைப் பார்த்தார். "அந்தச் சிப்பாய்மாரும் இதத்தான் சொல்லியிருப்பானுவ."

"அவனுவளுக்குச் சம்பளமாவது உண்டு" என்றார் லில்லி.

கீரை உருவி முடிவதற்குள் கோட்டை விழுந்தது. கோட்டைக்குள் ஒரு வேல்காரன்கூட வைத்த இடத்தைவிட்டு அசைந்திருக்கவில்லை. முன்வாசல் யாருக்கு என்பதும் முடிவாகவில்லை.

"பகடையில கோளாறு" என்றார் பூதலிங்கம்.

"சரி" என்றார் சத்தியநேசன். அன்றைக்கு இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

7

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஆடுகிறார்கள். காலி நாற்காலி இதுவரை தோற்றதில்லை. நட்பு திரும்பிவிட்டது, பஜ்ஜியும் திரும்பிவிட்டது. சத்தியநேசன் ஆசைப்பட்ட அந்த ஒரே ஒரு ஆட்டம் மட்டும் இன்னும் ஆடப்படவில்லை. புரை வளர்ந்துகொண்டிருக்கிறது.

முடிவுக்கு என்னால் ஆனதைச் செய்தேன். சத்தியநேசன் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், கம்பெனி நாற்காலியில்— என்று எழுதினேன். பாதி வழியில் பூதலிங்கத்தின் சிரிப்பு கேட்டது, அவர் திரும்பிவிட்டார். சரி, பூதலிங்கம் பெருந்தன்மையாக எழுந்து— என்று எழுதினேன். அவர் அதைக் கடையில் வாசித்துவிட்டு, இனிமேல் என்னிடம் வியாபாரம் இல்லை என்றார். நானே போய் உட்காரலாம்தான். எனக்கு மூட்டுவலி.

ஆகவே நீங்கள் வாருங்கள். படிக்கட்டின் கைப்பிடி ஆடும், பார்த்து ஏறுங்கள். நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் உட்கார்ந்தால் லில்லி பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கீரையை அடுப்பில் ஏற்றப் போவார். பூதலிங்கமா சத்தியநேசனா, யார் உங்கள் எதிரே என்பதை அவர்கள் அடித்துக்கொண்டாவது முடிவு செய்வார்கள்.

கோட்டைப் பக்கம் ஏன் பார்க்கிறீர்கள்? அங்கே ஏற்கெனவே இரண்டு பேர். நீங்களும் போனால் மூன்று 'சரி' வேண்டும்.

வெட்கமாக இருந்தால் அந்த டப்பாவில் இன்னும் கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட் மிச்சமிருக்கிறது. முகத்துக்குப் போதும். கைக்குக் காணாது.