செங்கல் மேல் நின்ற நெட்டை

மத்திகிரி லைன் வீடுகளில் மாதேஸ்வரிக்கு நெட்டை என்று பேர் வைத்தவள் அடுத்த வீட்டு மாரம்மா. தண்ணீர் டிரம்முக்குள் பாதி உடம்பைக் கவிழ்த்து மொள்ளுகிற குள்ளச்சிக்கு வேறென்ன பேர் வைப்பது?

"ஏன்டி நெட்டை, வானம் இடிக்கப்போவுது, குனிஞ்சு வா."

"இடிச்சா இடிக்குது. உள்ள மூளை இருக்கிறவ நான், வலிக்கும். உனக்கென்ன?"

போன வருஷம் அவள் காணாமல் போனாள். எவனோடோ பெங்களூருக்கு ஓடிவிட்டாள் என்றான் புருஷன் விஜயகுமார். இருபது நாள் கழித்து ஏரிக்கரை முள்ளுக்குள் ஒரு பெண்பிணம் கிடைத்தது. முகம் இல்லை. மண்டையோட்டில் வெடிப்பு இருந்தது. காணாமல் போன ராத்திரி அவன் அடித்ததும் அவள் கத்தியதும் சுவருக்கு இந்தப் பக்கம் மாரம்மாவுக்குக் கேட்டிருந்தது. விடிகாலையில் அவன் வண்டியில் மூட்டை கட்டிப் போனது பெட்ரோல் பங்க் கேமராவில் இருந்தது. இருந்தும், பிணம் மாதேஸ்வரிதான் என்று ஆனால்தானே கொலை? பெற்றவர்கள் இல்லை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளையும் இல்லை. ரத்தம் ஒத்துப் பார்க்க ஓர் ஆள் கிடையாது.

ஓசூர் கோர்ட்டில் அன்று காலை எதிர்த்தரப்பு வக்கீல், மாதேஸ்வரியும் மாரம்மாவும் வேலை பார்த்த கம்பெனியின் பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார்.

"மாதேஸ்வரி உயரம் அஞ்சடி. பிணத்தோட உயரம் நாலடி ஏழரை அங்குலம். செத்தா நாலரை அங்குலம் சுருங்குவாங்களா ஐயா? போதாததுக்கு ஊரே அவங்களை நெட்டைன்னு கூப்பிட்டிருக்கு. இது வேற யாரோ."

கூண்டில் விஜயகுமார் தாடியைத் தடவிக்கொண்டான். மாரம்மா அதைப் பார்த்தாள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் அரசு வக்கீல் சுஜாதா சோற்றைத் தொடவே இல்லை.

"லண்டன்ல விக்டோரியா ராணி காலத்துல கொலையான பொம்பளைங்க கதையும் இப்படித்தான் மாரம்மா. ஒருத்திக்கு நெட்டை லிஸ்ஸுன்னே பேரு. எவ்ளோ உயரம், எந்தப் பல்லு இல்ல, என்ன பாவாடைன்னு அளந்து அளந்து எழுதுனாங்க. கொன்னவன் கடைசிவரை மாட்டல."

"அக்கம்பக்கத்துக்காரிங்க யாரும் கோர்ட்டுக்கு வரலைங்களா?"

"வந்தாங்க. தெரிஞ்சதெல்லாம் சொன்னாங்களா, யாருக்குத் தெரியும்?"

மாரம்மா பிசைந்த சோற்றை டப்பாவிலேயே போட்டு மூடினாள். சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. சொன்னால் வேலை போகும். மோசடி என்று கேஸே போட்டாலும் போடுவார்கள். சாப்பாட்டுக்குப் பின் அவளைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள். ஏறினதும் விஜயகுமார் மறுபடி தாடியைத் தடவினான். போதும்.

"ஐயா, அந்த அஞ்சடி பொய்ங்க. நான் செஞ்ச பொய்."

நீதிபதி பேனாவை வைத்தார்.

"கம்பெனியில வயர் கட்டுற லைனுக்கு அஞ்சடிக்குக் கீழ ஆள் எடுக்கமாட்டாங்க. நாங்க சித்தாள் வேலையில கிடந்தவங்க, எங்களுக்குச் செங்கல் தெரியும். படுக்கப் போட்டா மூணு அங்குலம், பக்கவாட்டுல நிறுத்துனா நாலரை. கம்பெனி கேட்டு ஓரத்துச் சுவத்துல கோடு போட்டு அளந்தாங்க. காலுக்கு ஒண்ணா ரெண்டு கல்லை நிறுத்தி அவளை மேல ஏத்தி, சேலைக் கொசுவத்தை இறக்கி மூடுனது நானு. நாப்பது பொம்பளைங்க வரிசை. அளந்தவன் தலையத்தான் பார்த்தான், காலைப் பாக்கல."

"கட்டுக்கதை!" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல்.

"கட்டுக்கதையா? ஏழரையோட நாலரையக் கூட்டுங்க சார். பன்னெண்டு அங்குலம் ஒரு அடிதானே? நாலும் ஒன்னும் எத்தனை?"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பதிவேட்டோடு வந்திருந்த சூப்பர்வைசர் பாலாஜியை எழுப்பினார்.

"மாதேஸ்வரி வேலை செஞ்ச இடத்துல ஏதாவது வித்தியாசமா இருந்துச்சா?"

"கை எட்டலைன்னு... நிக்கறதுக்குப் பலகை போட்டுக் குடுத்தோம் சார்."

"அஞ்சடி ஆளுக்கு அங்கே பலகை வேணுமா?"

"வேணாம் சார்."

"நெட்டைன்னு ஏன் கூப்பிட்டீங்க?" என்று மாரம்மாவிடம் கேட்டார் நீதிபதி.

"கிண்டலுக்குத்தாங்க. எங்க லைன்ல கறுப்பா இருக்கிறவ வெள்ளச்சி, பேசாதவ ரேடியோ. உசரமா இருந்திருந்தா அவளைக் குள்ளின்னிருப்பேன்."

விஜயகுமாரின் கை தாடியிலிருந்து இறங்கியது.

கோர்ட் வாசலில் பாலாஜி அவளை மறித்தான். "நாளையிலேர்ந்து வேலைக்கு வராதக்கா."

"நாளைக்கு என்ன தம்பி, இன்னிக்கே வரல. ஓசூர்ல உன்னுது ஒண்ணுதான் கம்பெனியா? அளக்கறவனைக் காலையும் பாக்கச் சொல்லு."

பதினோராம் நாள் தீர்ப்பு. பிணம் மாதேஸ்வரியுடையதே, விஜயகுமாருக்கு ஆயுள். லைன் பெண்கள் ஷிப்டை விட்டுவிட்டு வந்து வராந்தாவை அடைத்து நின்றார்கள். அவனைப் போலீஸ் இழுத்துப்போனபோது ஒருத்தி விரலை மடக்கி விசிலடித்தாள். போலீஸ்காரர் முறைத்தார், திட்டவில்லை.

எலும்பை வாங்கக் கையெழுத்துப் போட்டவள் மாரம்மா. யாருமற்ற பிணம்போல் கமுக்கமாகப் புதைக்க அவள் ஒப்பவில்லை. பட்டப்பகல், தாரை தப்பட்டை, மூன்று முழ ரோஜா மாலை, பெண்களே பாடை தூக்கினார்கள். மத்திகிரி ரோட்டில் டவுன் பஸ் பின்னால் வந்து ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. மாரம்மா பாடையை அடுத்தவள் தோளுக்கு மாற்றிவிட்டு, நடுரோட்டில் திரும்பி நின்று கையை உயர்த்தினாள்.

"கேசுல ஜெயிச்சுட்டுப் போறா. ஓரங்கட்டுய்யா வண்டிய!"

டிரைவர் ஓரங்கட்டினார்.