வீட்டில் இல்லாத வலிக்கு ஒரு மாத்திரை

என் முழங்கால் வலி எங்கள் வீட்டில்தான் தங்கியிருக்கிறது. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டு, டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நான் விழுங்கியதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகும். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பும். அதனோடு குடித்தனம் நடத்திவிடலாம். என்னைப் பார்க்க வருகிற மனிதர்களோடுதான் முடியவில்லை.

எங்கள் பக்கம் உடம்புக்கு முடியாதவர்களைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆப்பிள் வாங்கி வருவார்கள். கூடவே, தங்களுக்குக் கேட்டு மிச்சமான மாத்திரையையும் கொண்டு வருவார்கள். அட்டையிலிருந்து கத்தரித்த துண்டாக இருக்கும். பெயர் அச்சடித்த பாகம் எப்போதும் வேறு யார் வீட்டிலாவது இருக்கும்.

செவ்வாய்க்கிழமை என் நாத்தனார் தமயந்தி வந்தாள்.

“அண்ணி, இதுல ஒண்ணு போடுங்க. அரை மணி நேரத்துல கேட்கும். நாலு வருஷமா நான் இதைத்தான் போடுறேன்.”

“இப்பதாம்மா ஒண்ணு போட்டேன். வலி வெளிய போயிருக்கு.”

“அது வேற, இது வேற. அது வர்றதுக்கு முன்னாடியே போட்டு வைங்க.”

தண்ணீரையும் அவளே கொண்டு வந்து நீட்டினாள். நான் விழுங்கும்வரை நகரவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த எரிச்சல் இன்னும் இருக்கிறது.

மாத்திரை உள்ளே போய் வலியைத் தேடியது. வலி இல்லை. வேலைக்கென்று வந்த மாத்திரை யாரையாவது வெளியேற்றாமல் ஓயாது. முதலில் எதிர்ப்பட்ட என் வலது சிறுநீரகத்தைக் கிளம்பச் சொல்லிவிட்டது.

மதியம் அது கையில் பையோடு வாசலில் நின்றது. “அம்பத்தாறு வருஷம் உழைச்சிருக்கேன். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கேட்கவில்லைதான். அதை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். மடியில் வைத்துக்கொண்டதால் பஸ்ஸில் டிக்கெட் கேட்கவில்லை.

தமயந்தி விட்டுப்போன அட்டைத் துண்டில் மிஞ்சியிருந்த எழுத்துகளை டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். “ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற. யார் எது குடுத்தாலும் முழுங்கிடுவீங்களா? நான் எழுதினதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. வலிச்சா வெந்நீர் ஒத்தடம் குடுங்க. சொல்லிக்குடுத்த பயிற்சியைச் செய்ங்க. அப்பவும் தாங்கலைன்னா இங்க வாங்க.” பிறகு சிறுநீரகத்தின் பக்கம் திரும்பி, “இந்த ஒரு தடவை உள்ள போங்க,” என்றார். அது என்னைக் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தமயந்திக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “எனக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணி,” என்றாள். மூன்று நாளில் ஐந்து முறை சொன்னேன். ஐந்து முறையும் அதையே சொன்னாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. தமயந்தியின் சிறுநீரகங்கள் இரண்டும் வெளியே நின்றன. மிகவும் இளைத்திருந்தன. “இனி அந்த வீட்டுக்குப் போக மாட்டோம்,” என்றது ஒன்று. பாய் விரித்துப் படுக்கச் சொன்னேன்.

உடனே போன் வந்தது. “அண்ணி, காலு ரெண்டும் வீங்கிப் போச்சு. மூச்சு வாங்குது. ஏதாவது மாத்திரை இருக்கா?”

“மாத்திரையா! அந்தப் பேச்சையே எடுக்காத. உன் வீட்டுக்காரரோட நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் வந்துடுறேன்!”

கோபத்தில் கத்தினேன். ஆனால் உள்ளே இருந்தது பயம்.

திரும்பிப் போகச் சொல்லி அவை இரண்டிடமும் கெஞ்சிப் பார்த்தேன். ஒன்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. மற்றதற்கு எழுந்திருக்கவே தெம்பில்லை.

அப்போது என் இடது சிறுநீரகம் வெளியே வந்தது. இத்தனை வருஷத்தில் அது வாயைத் திறந்ததே இல்லை. “அவகிட்ட நான் போறேன்,” என்றது. ஒரு துண்டை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தேன். இருவரும் ஆட்டோவில் ஏறினோம்.

“போனதும் முதல் வேலையா அவளோட மாத்திரை டப்பாவை வாங்கி நீ வச்சுக்கணும்,” என்றேன்.

சரி என்று சொல்லிவிட்டு, காற்று வரும் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தது.