பஸ்ஸுக்குப் பெயர் அம்மா

என் மகனுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்கு "தண்ணி", செருப்புக்கு "தெப்பு", அவன் அப்பாவுக்கு வெறும் "பா". எல்லாம் அதனதன் இடத்தில் சரியாகத்தான் இருந்தது. "அம்மா" மட்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டது.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவள். எங்கள் வீடு நான் ஓட்டும் தடத்திலேயே, பெரிய சாலையைப் பார்த்த முதல் மாடியில் இருக்கிறது. பிள்ளை கண் விழிக்குமுன் டிப்போவுக்குக் கிளம்பிவிடுவேன். என் நாத்தனார்தான் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, என் வண்டி வரும் நேரத்துக்கு ஜன்னலருகே தூக்கி வைத்துக்கொண்டு, "அதோ பார் அம்மா, டாட்டா சொல்லு" என்பார். நான் ஒரு ஹாரன் அடிப்பேன். கீழிருந்து பார்த்தால் முகம் தெரியாது. கம்பிக்குப் பின்னால் ஒரு சின்னக் கை ஆடும், அவ்வளவுதான். அதை நினைத்துக்கொண்டே மிச்ச நேரத்தை ஓட்டிவிடுவேன்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நாத்தனாருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. எங்கள் பிள்ளைக்காக எத்தனை நாள் அவரைக் கட்டிப்போடுவது? சந்தோஷமாக வழியனுப்பிவிட்டு, அன்றிலிருந்தே கையைப் பிசைய ஆரம்பித்தேன். இனி நான் வீட்டில் இருப்பதா, வண்டியில் இருப்பதா?

என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எந்த மாடியில் எது சிக்கிக்கொண்டாலும் எடுத்துவிடுவார். என்னிடம் மட்டும் "உன் இஷ்டம்" என்றார். இந்த இரண்டு வார்த்தையைக் கண்டுபிடித்தவர் யாரோ ஒரு பெண்ணுக்குக் கணவராகத்தான் இருந்திருக்க வேண்டும். என் அம்மா தொலைபேசியில், பஸ்ஸை யார் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்வார்கள், பிள்ளைக்கு அம்மா நீ ஒருத்திதான் என்றாள். அது உண்மை என்பதால் எனக்குக் கோபம் வந்தது. டிப்போவில் கூட ஓட்டுகிறவர்களோ, ஒருமுறை இறங்கிவிட்டால் மறுபடி அந்த சீட் கிடைக்காது என்றார்கள். அதுவும் உண்மை. அதற்கும் கோபம் வந்தது. கடைசியில் டிப்போ மேலாளர் ஒரு மாதம் விடுப்பு கொடுத்து, முடிவு செய்துகொண்டு வரச் சொன்னார்.

அந்த மாதத்தின் முதல் நாட்களைப் பற்றி என்ன சொல்ல? அவன் தூங்கி எழும்போது கன்னத்தில் தலையணையின் கோடு விழுந்திருக்கும். அதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. நான் வருவதற்குள் அது அழிந்துபோயிருக்கும். மதியம் என் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவான். கை மரத்துப்போகும், அசைய மாட்டேன். இதை விட்டுவிட்டா போய்க்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஒரு காலை, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றேன். என் வண்டி வந்தது. உள்ளே வேறு ஓட்டுநர். இவன் என் இடுப்பிலிருந்தே எட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையை ஆட்டினான்.

"அம்மா! டாட்டா!"

"டேய், அம்மா இங்க இருக்கேன்டா."

என்னைத் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையான ஒரு பார்வை. பிறகு பஸ் போன திசையைக் காட்டி, "அம்மா போச்சு" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். இத்தனை நாளும் அவன் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சட்டையைப் பிடித்து இழுப்பான், காரியம் நடக்கும். பாவம், அவன் மேல் என்ன தப்பு? "அதோ அம்மா" என்று தினமும் காட்டியது எதையோ அதைத்தானே அவனும் சொல்கிறான்.

அன்றே பாடம் ஆரம்பித்தது. ஒவ்வொரு காலையும் ஜன்னலில் நின்று, அது பஸ், இது அம்மா என்று அவன் கையை எடுத்து என் கன்னத்தில் வைப்பேன். என் கணவர் சிரித்தார். ஒரு பஸ்ஸோடு போட்டி போட்டுத் தோற்கிற முதல் பெண் நான்தானாம். சிரிக்கட்டும். அவருக்கு என்ன, முதல் நாளிலிருந்தே "பா" தான்.

ஆனால் பாடம் எடுத்தவளின் மனசும் ஒழுங்காக இருந்ததா என்றால் இல்லை. வண்டி திருப்பத்தில் வரும்போதே எந்தக் கியரில் வருகிறது என்று எனக்குத் தெரியும். கதவு மூடும்போது விடும் அந்தப் பெருமூச்சுச் சத்தம் பக்கத்து நிறுத்தத்திலிருந்து கேட்டால், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே என் வலது கால் தானாக அழுந்தும். அவ்வளவு பெரிய வண்டியை ஒரு குறுகலான தெருவுக்குள் உரசாமல் திருப்புகிற சுகம் எனக்கு வேண்டியிருந்தது. அதை யாரிடம் சொல்வது? தாய்க்கு இப்படியும் ஓர் ஆசையா என்பார்கள்.

மாதம் முடிய இருந்தபோது ஒருநாள் பஸ் வந்தது. அவன் அதைப் பார்த்து, "பஸ்" என்றான். பிறகு யாரும் சொல்லாமலே திரும்பி, என் மூக்கைப் பிடித்து, "அம்மா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையோடேயே கீழே பார்த்தேன். வண்டியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். எனக்கு இரண்டு கரையும் பச்சை, போய் நிற்க நான்தான் ஒருத்தியாகப் போய்விட்டேன்.

அன்று மாலை கணவரிடம் வேலைக்குப் போகிறேன் என்றேன். இந்த முறை அவர் "உன் இஷ்டம்" என்று சொல்லவில்லை. தன் வேலையை மதியத்துக்கு மாற்றிக்கொண்டார். காலையில் பிள்ளையோடு அவர், மதியத்துக்குமேல் நான். இனி நாங்கள் இருவரும் வாசற்படியில்தான் குடும்பம் நடத்த வேண்டும் என்று அவரே கேலியும் செய்தார்.

முதல் நாள். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கை தன் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. எங்கள் வீடு வந்தது. ஹாரன் அடித்தேன். ஜன்னல் காலியாக இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு கணவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"தூக்கிட்டுத்தான் போனேன்," என்றார். "பஸ்னு சொல்லிட்டு இறங்கிட்டான். ஒவ்வொரு ரூமா உன்னத் தேடுறான். பாத்ரூம் கதவைத் தட்டி, அம்மா வான்னு கூப்பிடுறான்."

சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான். பஸ்ஸில் அம்மா இல்லை என்று மாதம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

"அடுத்த ட்ரிப்புக்கு அவனைக் கீழே கூட்டிட்டு வாங்க. ரோட்டோரமா நில்லுங்க."

"என்னன்னு சொல்லட்டும்?"

"பஸ்ஸுக்குள்ள அம்மா இருக்கான்னு சொல்லுங்க."

திரும்பி வரும்போது இருவரும் நடைபாதையில் நின்றிருந்தார்கள். அவர் குனிந்து அவன் காதில் ஏதோ சொல்லி, வண்டியின் முன்கண்ணாடியைக் காட்டினார். வேகத்தைக் குறைத்தேன். பிள்ளை முதலில் பஸ்ஸைப் பார்த்தான். பிறகு மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் பஸ்ஸும் அம்மாவும் ஒன்றாகக் கூடி வருவது எனக்குத் தெரிந்தது. நான் கையை ஆட்டினேன்.

அவன் ஆட்டவில்லை. தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினான்.

எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தம் கிடையாது. பின்னால் இருக்கை நிறைய ஆட்கள். பக்கக் கண்ணாடியில் அந்தக் கைகள் நீட்டியபடியே சிறிதாகிக்கொண்டு வந்தன. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண், பஸ் தாமதமா என்று கேட்டாள். இல்லை, சரியான நேரம்தான் என்றேன்.