திரும்பி இறங்கிய தண்ணீர்

கிரேன் ஓட்டுகிறவன் தண்ணீர் குடிக்கக் கூடாது. எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதியிருக்காது. ஆனால் எங்கள் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். குடித்தால் ஒன்றுக்கு வரும். வந்தால் கட்டடத்தைவிட உயரமான கிரேன் உச்சியிலிருந்து ஏணியில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். அதுவரை கீழே மொத்த வேலையும் நிற்கும். மேஸ்திரி என் பரம்பரையையே வம்புக்கு இழுப்பார். சிலர் காலி பாட்டிலோடு ஏறுவார்கள். எனக்கு அது ஆகாது. என் வீட்டுக்காரி வளர்த்த வளர்ப்பு அப்படி. பெற்றவள்கூட அவ்வளவு மெனக்கெடவில்லை.

வீட்டுக்காரி போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. மேலே தனியாக இருப்பதற்காவது கூலி தருகிறார்கள். அறையில் சும்மாவே தனியாக இருக்கிறேன். அதனால் எல்லோருக்கும் முன்னால் வந்து ஏறிவிடுவேன், எல்லோரும் போன பிறகு இறங்குவேன். பேச்சுத்துணை வாக்கிடாக்கிதான். கீழே நிற்கும் சிக்னல்காரன் "ஏத்து", "இறக்கு", "நிறுத்து" என்பான். அவன் குரல் தெரியும், மஞ்சள் ஹெல்மெட்டின் உச்சி தெரியும். முகம் தெரியாது. மதியம் நான் கயிற்றில் இறக்கும் பையில் சாப்பாடும் தண்ணீரும் வைத்து அனுப்புவான். சாப்பாட்டை எடுத்துக்கொண்டு தண்ணீரை அப்படியே திருப்பி இறக்கிவிடுவேன்.

போன மாதம் கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து, யூரிக் ஆசிட் என்று மாத்திரை எழுதினார். வலி போனதும் மாத்திரையை நிறுத்திவிட்டேன். வலியே இல்லை, மருந்து எதற்கு என்று என் மேதாவித்தனம்.

நேற்று, கிரேனில் ஏறலாம் என்று சான்று வாங்க மறுபடி அவரிடம் போனேன். பிரஷரை ஒரு தடவை பார்த்தவர், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"வலி போனா வியாதி போச்சுன்னு அர்த்தமில்ல. யூரிக் ஆசிட் ஏறியே கிடந்தா கிட்னியில கைவைக்கும், பிரஷருக்கும் நல்லதில்ல. உங்க கிட்னி இப்பவே கொஞ்சம் தளர்ந்திருக்கு. மாத்திரைய நிறுத்தாதீங்க, நல்லா தண்ணி குடிங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா நான் ஏற விடமாட்டேன்."

வீட்டில் ஞாபகப்படுத்த யார் இருக்கிறார்கள் என்றும் கேட்டார். கடிகாரம் இருக்கிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இன்று காலை மேலே உட்கார்ந்து அதையே நினைத்தேன். ஏற விடாவிட்டால் எனக்கு மிச்சம் அந்த அறைதான், நாள் முழுக்க அந்த நாலு சுவர்தான். கிட்னியைவிட அதுதான் பயமாக இருந்தது. அப்படியும் மதியம் பை வந்ததும், பழக்க தோஷம், தண்ணீரைத் திருப்பி இறக்கினேன். பாதி வழியில் வாக்கிடாக்கி பேசியது.

"அண்ணே, இன்னிக்கும் தண்ணி அப்படியே வருதே. உடம்பு என்னத்துக்கு ஆகும்? மேல இழுங்க."

மேஸ்திரி உட்பட எல்லோருக்கும் கேட்டிருக்கும். முதலில் கோபம்தான் வந்தது. உன் வேலையைப் பார் என்று சொல்ல வாயெடுத்தேன். தண்ணீர் குடித்தாயா என்று என்னை ஓர் ஆள் கேட்டு மூன்று வருடம் ஆகிறது. கயிற்றை இழுத்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

அப்புறம் என்ன, குடித்தது தன் வேலையைக் காட்டியது. இந்தத் தொழிலுக்கு வந்து முதல் முறையாக வேலைக்கு நடுவில் இறங்கினேன். டாக்டர் சொன்னதைச் சொன்னதும் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, சீக்கிரம் போய்விட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தபோது, கிரேன் நின்றதால் எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மேலிருந்து யார் யார் என்று ஹெல்மெட்டை வைத்தே சொல்லிவிடுவேன். கீழே ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை. அழையாத வீட்டுக்குள் நுழைந்தவன்போல நின்றேன். பிறகு ஏணிப் பக்கம் நடந்தேன்.

"அண்ணே, இப்படி வாங்க."

அந்தக் குரல். திரும்பினால், தலை முழுக்க நரைத்தவர், என்னைவிடப் பெரியவர். இத்தனை நாளும் நான் அவன் இவன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள். பக்கத்தில் இருந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

"குடிச்சா மறுபடி இறங்கணுமே," என்றேன்.

"இறங்கி வாங்க, அதுக்கென்ன?" என்றார்.