நாற்பத்தோரு பேருக்குத் தெரிந்த பாதை

போக்குவரத்துப் பாதுகாப்பு அதிகாரியான அவள் மூன்று வாரமாக அந்த ஒரே லாரிக்காக நகரம் முழுக்க அலைந்திருந்தாள். புற்றுநோய் ஆஸ்பத்திரியின் சிகிச்சை இயந்திரத்துக்குப் புதிய கதிரியக்க மூலம் வரப்போகிறது. கையளவுகூட இல்லாத பொருள். அதைச் சுற்றி டன் கணக்கில் ஈயம். எந்தப் பள்ளி எப்போது விடும், எந்தப் பாலத்தில் வண்டி நின்றால் திருப்ப இடமில்லை, தீயணைப்பு வண்டி எத்தனை நிமிடத்தில் வரும், எல்லாம் நடந்து பார்த்து எழுதினாள். பெட்டி கவிழ்ந்தாலும் உடையாது என்பதற்குச் சான்றிதழ் இருந்தது. வழிமறித்துக் கடத்த மாட்டார்கள் என்பதற்கு இல்லை. அதனால்தான் நாளும் பாதையும் நான்கு பேருக்கு மேல் தெரியக் கூடாது என்பது விதி. நால்வரில் ஒருவர் லாரி ஓட்டுகிறவர். அவள் கணவன்.

செவ்வாய் மதியம் பயணத்துக்கான பாதுகாப்பு ஒப்புதலில் கையெழுத்துப் போட பேனாவை எடுத்தபோது நாத்தனார் போன் செய்தாள். குழந்தையின் ஜுரத்தில் ஆரம்பித்து, சாவகாசமாகக் கேட்டாள்: "வியாழக்கிழமை அண்ணன் ஆஸ்பத்திரிக்குத்தானே போறாரு, அம்மா மருந்தை வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா அண்ணி?"

"உனக்கு யார் சொன்னா?"

"குரூப்லதான் போட்டிருக்காரே."

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பை அவள் இரண்டு வருஷம் முன்பே சத்தம் வராமல் வாயடைத்து வைத்திருந்தாள். நாற்பத்தோரு பேரின் காலை வணக்கத்தை எந்த மருமகள் தாங்குவாள்? இப்போது திறந்தால், இந்த மாதிரிச் சரக்கு ஏற்றிய ஒவ்வொரு பயணத்துக்கும் அவன் லொகேஷன் அனுப்பியிருந்தான். கீழே மாமியாரின் நேர்முக வர்ணனை: பாலம் தாண்டிட்டான், சிக்னல்ல நிக்கிறான். பெரியப்பா எல்லாவற்றுக்கும் கட்டை விரல் காட்டியிருந்தார்.

லாரி நிறுத்துமிடத்தில் அவன் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு இந்தச் சரக்கு என்றாலே பயம், வரைபடத்தில் தன்னைப் பார்த்தால்தான் ஒரு வாய் சாப்பிடுவாள் என்றான். எல்லாரும் சொந்தக்காரங்கதானே என்றான்.

"பெரியப்பாவா லாரியைக் கடத்தப் போறாரு? அவருக்கு ஸ்கூட்டரையே ஸ்டார்ட் பண்ணத் தெரியாது."

சிரிப்பு வந்துவிட்டதில் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. அந்த நாற்பத்தோரு பேரும் யார் யாரிடம் சொன்னார்களோ என்று அவள் கேட்டதற்கு, குரூப்பை அழித்துவிடுகிறேன், பேசாமல் கையெழுத்துப் போடு என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"இதை ரிப்போர்ட்ல எழுதினா எனக்கு இந்த வண்டி போயிடும்டி."

"எழுதலேன்னா என் கையெழுத்து பொய்யாயிடும்."

எழுதினாள். மேலாளர் நாளையும் பாதையையும் மாற்றி, விசாரணை முடியும்வரை அவனை வண்டியிலிருந்து இறக்கினார். ஆஸ்பத்திரிக்கு அவளே பேசினாள். பழைய மூலம் வலுவிழந்துவிட்டதால் இன்னும் ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு நோயாளியும் இயந்திரத்தின் கீழ் கூடுதல் நேரம் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டபின் யார் மேல் எரிச்சல் படுவதென்றே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சாப்பாட்டு மேஜையில் விசாரணைப் படிவத்தைப் பரப்பினாள். மாமியார் போனில் வந்தார். மகனை ஏன் இறக்கினாய் என்று கேட்கவில்லை. புதுத் தேதி என்றைக்கு, எனக்கு மட்டும் சொல்லு, யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றார். அவள் நெற்றியை மேஜையில் சாய்த்தாள்.

வெளியே தெரிந்துபோன பயணங்களின் பட்டியலைப் படிவம் கேட்டது. குரூப்பைப் பார்த்து எண்ணி, ஒன்பது தேதிகளை எழுதினாள். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தாளில் இருந்த தேதிகளை விரல் வைத்து எண்ணினான்.

"பதினொண்ணு," என்றான். "நீ வந்துட்டுப் போனப்புறம் ரெண்டை அழிச்சுட்டேன். நான்தானே அட்மின். அப்புறம் அழிக்கக் கை வரலே."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். திட்ட வாயெடுத்தவள், "எந்தெந்தத் தேதி?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் சொன்னான். இரண்டையும் எழுதி, எதிரே இருந்த குறுகலான கட்டத்தில் நுணுக்கி நுணுக்கிச் சேர்த்தாள்: ஓட்டுநர் தானாகவே முன்வந்து தெரிவித்தது.